அரேஞ்சர் கீபோர்டா, அரேஞ்சர் மென்பொருளா: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

தேவாலயப் பாடகர் குழுவுக்கு வாசிப்பவர்கள், இன்னிசைக் கச்சேரிகளில் வாசிப்பவர்கள், வீட்டிலேயே பாடல் அமைத்துப் பதிவு செய்பவர்கள், மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் என எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்து நிற்கிறார்கள். இடது கையால் ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டை) பிடித்தவுடன் டிரம்ஸ், பேஸ், கிட்டார், ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் சேர்ந்து பின்தொடரும் ‘அரேஞ்சர்’ என்ற வசதியைத் தனிக் கருவியாக வாங்குவதா, அல்லது கையிலுள்ள மடிக்கணினியில் ஒரு மென்பொருளை நிறுவி, அதனுடன் ஒரு மிடி கீபோர்டை (எந்தக் கட்டை அழுத்தப்பட்டது என்பதைக் கணினிக்குச் சொல்லும் கீபோர்டை) இணைத்து அதே வேலையை நடத்திக்கொள்வதா? இரண்டு வழிகளிலும் நல்ல இசை வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலானோர் பியானோவும் ஸ்ட்ரிங்ஸும் எதில் இனிமையாகக் கேட்கின்றன என்பதை வைத்து முடிவெடுக்கிறார்கள். தேர்வு தவறிப்போவது அங்கேதான் என்பது என் உறுதியான கருத்து. ஓர் அரேஞ்சரின் மதிப்பு அதன் ஸ்டைல்களிலும் (கார்டைப் பின்தொடரும் பின்னணி வாத்திய அமைப்புகளிலும்), அந்த ஸ்டைல்களைப் பாட்டின் நடுவே கையால் எவ்வளவு எளிதாக ஆள முடிகிறது என்பதிலும்தான் இருக்கிறது. டோன்களை, அதாவது வாத்திய ஒலிகளை, பிறகு கூட்டிக்கொள்ளப் பல வழிகள் உண்டு. இந்த இரண்டில் குறை இருந்தால் பிறகு சரிசெய்வது கடினம்.

ஒரு ஸ்டைலுக்குள் இருப்பவை

ஸ்டைல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி முடிவு தானாகவே வந்துவிடும். சில கருவிகளிலும் மென்பொருள்களிலும் மெய்யாக வாசித்துப் பதிந்த ஒலித்தடங்கள் இருந்தாலும், பெரும்பாலான ஸ்டைல்கள் மிடி குறிப்புகளால் ஆனவை. யமஹாவின் ஸ்டைல் ஒன்றை எடுத்துக்கொண்டால் அதில் 8 தடங்கள் இருக்கும்: ரிதம் இரண்டு, பேஸ் ஒன்று, கார்டு இரண்டு, பேட் (நீண்டு ஒலிக்கும் பின்னணி) ஒன்று, ஃபிரேஸ் (இடையிடையே வரும் சிறு மெட்டு) இரண்டு. பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ் போன்ற நடுத்தரக் கருவிகளில் இந்தத் தடங்கள் மூன்று இன்ட்ரோ, நான்கு மெயின் (ஏ முதல் டி வரை), நான்கு ஃபில் (பகுதி மாறும் இடத்தில் விழும் உருட்டல்), ஒரு பிரேக், மூன்று எண்டிங் என 15 பகுதிகளாகப் பிரிந்து நிற்கும். ஸ்டைலை உருவாக்குபவர் இவற்றைப் பொதுவாக சி மேஜர் செவன்த் கார்டில் எழுதிவைப்பார். நீங்கள் எஃப் மைனரைப் பிடிக்கும்போது, எந்தச் சுரத்தை எங்கே நகர்த்த வேண்டும் என்ற விதிகள் அந்தக் கோப்பிலேயே இருப்பதால், கருவி அவற்றைப் பார்த்து ஒவ்வொரு தடத்தையும் கணக்கிட்டு மாற்றுகிறது.

இதில் வாங்குபவர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எந்த எண்ணுள்ள டோன் ஒலிக்க வேண்டும் என்பதை மட்டுமே ஸ்டைல் சொல்கிறது. ஒலியைக் கொடுப்பது கருவிதான். ஆகவே ஒரு கருவிக்காகச் செய்த ஸ்டைலை இன்னொன்றில் ஏற்றினால் தாளம் சரியாக ஓடும், ஆனால் பேஸ் ஓர் ஆக்டேவ் தவறி ஒலிக்கலாம், டோலக் அடிக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு மணி அடிக்கலாம். யமஹாவின் உயர்ரகக் கருவிகளில் ‘மெகா வாய்ஸ்’ என்ற டோன் வகை உண்டு. அதில் ஒரே கிட்டார் டோனுக்குள் அழுத்தத்தின் அளவைப் பொறுத்துத் திறந்த நரம்பு, அடக்கிய நரம்பு, சறுக்கல், நரம்பைத் தேய்க்கும் ஒலி என வெவ்வேறு வாசிப்பு முறைகள் அடுக்கப்பட்டிருக்கும். அந்த ஸ்டைலைச் சாதாரண கிட்டார் டோனுடன் ஒரு மென்பொருளில் ஓடவிட்டால், நரம்பைத் தேய்க்க வேண்டிய குறிப்புகளெல்லாம் உரத்த சுரங்களாக வெளிவந்து பாட்டைக் கெடுக்கும்.

அதனால் “ஆயிரக்கணக்கான ஸ்டைல்களை ஏற்கும்” என்று ஒரு மென்பொருளின் விளம்பரம் சொல்லும்போது, ஏற்ற முடியும் என்பதை மட்டுமே நம்புங்கள். அவை நன்றாக ஒலிக்க வேண்டுமானால் ஒவ்வொரு தடத்துக்கும் பொருத்தமான டோனை நீங்கள் தேடி அமைக்க வேண்டும். அந்த வேலையில் விருப்பமும் பொறுமையும் உள்ளவருக்கு மென்பொருள் பெரிய வரம். வாங்கிய அன்று மாலையே வாசிக்க வேண்டியவருக்கு, ஸ்டைலும் டோனும் ஒரே தொழிற்சாலையில் ஒன்றுக்கொன்று பொருத்திச் செய்யப்பட்ட கருவியே ஏற்றது.

நம் பாட்டுக்குப் பொருந்துமா என்று சோதித்தல்

உலகச் சந்தைக்காகச் செய்த அரேஞ்சர்களில் பாலாட், போல்கா, பாசநோவா, எயிட்-பீட் ஆகியவை ஏராளமாக இருக்கும். நம் மெல்லிசைக்கும் பக்திப் பாடல்களுக்கும் தேவைப்படுபவை வேறு: தபேலா, டோலக் சேர்ந்த மெதுவான நான்கு தட்டு, கும்மிக்கும் நாட்டுப்பாட்டுக்கும் ஒத்துவரும் ஆறு-எட்டு, தெம்மாங்கு நடை, எப்போதாவது ஏழு தட்டு. யமஹாவின் பிஎஸ்ஆர்-ஐ500, காசியோவின் சிடி-எக்ஸ் வரிசையில் ‘ஐஎன்’ என்று முடியும் வகைகள் ஆகியவை இந்தியச் சந்தைக்கென்றே இந்திய டோன்களும் ரிதங்களும் சேர்த்துச் செய்யப்பட்டவை. விலை உயர்ந்த ஒரு பன்னாட்டுக் கருவியைவிட இவற்றில் ஒன்று உங்கள் பாடல்களுக்கு நன்றாகப் பொருந்தக்கூடும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

கடையில் டெமோ பாட்டைக் கேட்பதில் பயன் இல்லை. நீங்கள் அடிக்கடி வாசிக்கும் பாடல்களில் வெவ்வேறு நடை கொண்ட நான்கைந்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் எந்த ஸ்டைல் ஒத்துவருகிறது என்று அங்கேயே தேடிப் பாருங்கள். பல்லவியிலிருந்து சரணத்துக்குப் போகும்போது ஃபில் இயல்பாக விழுகிறதா, மெயின் ஏ-யிலிருந்து டி வரை போகும்போது வாத்தியங்கள் படிப்படியாகக் கூடுகின்றனவா, எண்டிங் நம் பாட்டு முடியும் விதத்தில் முடிகிறதா என்று கவனியுங்கள். பல ஸ்டைல்களின் எண்டிங் மேற்கத்தியப் பாணியில் நான்கு அளவு (பார், அதாவது தாளச் சுற்று) நீண்டு தானாகவே கார்டுகளை மாற்றிக்கொண்டு போகும். ஒரே தட்டில் நிறுத்த வேண்டிய பாட்டுக்கு அது உதவாது.

ராகம் சார்ந்த பாடல்களுக்கு இன்னொரு சோதனை கட்டாயம் தேவை. மோகனத்தில் அமைந்த ஒரு பாட்டை சி-யில் வாசிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த ராகத்தில் மத்தியமமும் நிஷாதமும் கிடையாது. அதாவது எஃப்-உம் பி-யும் வரக்கூடாது. ஆனால் ஸ்டைல் பி சுரமும் அடங்கிய சி மேஜர் செவன்த்தில் எழுதப்பட்டிருப்பதால், நீங்கள் வெறும் சி மேஜரைப் பிடித்தாலும் ஃபிரேஸ் அல்லது பேட் தடத்தில் ஒரு பி வந்து விழ வாய்ப்பு உண்டு. பாடகரின் காதில் அது உடனே உறுத்தும். இதற்குத் தீர்வு எளியது: ஃபிரேஸ், பேட் தடங்களை அணைத்துவிட்டு, ரிதமும் பேஸும் மட்டும் ஓடவிடுவது. அப்படித் தடம் தடமாக அணைக்கும் வசதி நீங்கள் பார்க்கும் கருவியில் உண்டா, அந்த நிலையை ஒரு பொத்தானில் சேமித்து வைக்க முடியுமா என்று கேளுங்கள். சிறிய கீபோர்டுகள் பலவற்றில் இது கிடையாது. மென்பொருள்களில் தடங்கள் மிக்சர் போலத் திரையில் வரிசையாகத் தெரிவதால் இந்த வேலை மிக எளிது. தேவையில்லாத சுரத்தை ஸ்டைலிலிருந்தே நீக்கித் திருத்திச் சேமிக்கவும் முடியும். நம் இசைக்கு மென்பொருள் தருகிற மிகப் பெரிய நன்மை இதுதான் என்பேன்.

வாசிக்கும் இடம் சொல்லும் விடை

மேடையில் வாசிப்பவரின் நிலையை முதலில் பார்க்கலாம். பாடகர் திடீரென்று அரைக் கட்டை இறக்கச் சொல்வார். அறிவித்த பாட்டை விட்டுவிட்டு வேறு பாட்டைக் கேட்பார்கள். அனுபல்லவியை இன்னொரு முறை பாடுவார்கள். இவை ஒவ்வொன்றுக்கும் விடை, கண்ணை எடுக்காமல் விரல் தேடிப்போய் அழுத்துகிற ஒரு பொத்தான். தனிக் கருவியில் டிரான்ஸ்போஸ் (சுருதியை ஏற்றி இறக்குவது), ஃபில், எண்டிங், டெம்போ ஆகியவை மாறாத இடத்தில் இருக்கின்றன. ஒரு பாட்டுக்கான ஸ்டைல், வேகம், டோன், சுருதி எல்லாவற்றையும் ஒரே பொத்தானில் அழைக்கும் ரெஜிஸ்ட்ரேஷன் நினைவகம் யமஹாவிலும், பாட்டின் பெயரை வைத்தே தேடி எடுக்கும் சாங்புக் என்ற வசதி கோர்க் நிறுவனத்தின் பிஏ வரிசையிலும் உண்டு. முகூர்த்த நாட்களில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஓடிக்கொண்டிருக்கும் கலைஞருக்கு இந்த வசதிகள் டோனின் இனிமையைவிட முக்கியமானவை.

மின்சாரத்தையும் வெப்பத்தையும் மறக்கக்கூடாது. ஜெனரேட்டர் மாறும் நொடியில் மின்சாரம் அறுந்தால் மடிக்கணினி தன் பேட்டரியில் நின்றுவிடும்; தனிக் கருவி அணைந்துபோய் மறுபடி தொடங்கும். இதில் மடிக்கணினி முந்துகிறது. எனினும் அதனுடன் இணைத்த ஆடியோ இன்டர்ஃபேஸ் (கணினியின் ஒலியை ஸ்பீக்கருக்குத் தரும் வெளிப்பெட்டி) தனி அடாப்டரில் ஓடினால் அது அணைந்து, மென்பொருளும் சேர்ந்து நின்றுபோகும். ஆகவே யுஎஸ்பி வழியாகவே மின்சாரம் பெறும் இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுங்கள். தனிக் கருவி வைத்திருப்பவர் ஒரு சிறிய யுபிஎஸ் வைத்துக்கொள்வது நல்லது. வெப்பத்தில் தனிக் கருவி முந்துகிறது. மே மாதப் பகலில், பந்தலுக்குள், விளக்குகளின் கீழ் மடிக்கணினியின் செயலி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்; அப்போது ஒலி விட்டு விட்டு வரத் தொடங்கும்.

மடிக்கணினியின் சார்ஜர் இணைந்திருக்கும்போது ஸ்பீக்கரில் ஓர் உறுமல் கேட்பது பலருக்கும் தெரிந்த தொல்லை. அதைப் போக்க சார்ஜர் பிளக்கின் எர்த் முனையை நீக்கிவிடுவதைச் சில இடங்களில் பார்க்கிறேன். உயிருக்கே ஆபத்தான அந்தப் பழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். எர்த் தொடர்பைத் துண்டிக்கும் சுவிட்சு கொண்ட ஒரு டிஐ பெட்டியை இன்டர்ஃபேஸுக்கும் மிக்சருக்கும் இடையே வைத்தால் பெரும்பாலும் உறுமல் நின்றுவிடும்.

வீட்டிலும் ஸ்டுடியோவிலும் நிலைமை தலைகீழ். அங்கே அவசரம் இல்லை. ஒரு பாட்டின் பின்னணியைப் பத்து முறை மாற்றிப் பார்க்கலாம். ஒவ்வொரு தடமும் தனித்தனியாக வேண்டும். தனிக் கருவியில் அமைத்ததைத் தடம் தடமாகக் கணினிக்குள் கொண்டுவருவது முடியாதது அல்ல, ஆனால் நேரம் எடுக்கும். மென்பொருளில் தொடக்கத்திலிருந்தே எல்லாம் கணினிக்குள் இருக்கிறது.

மென்பொருள்களில் இருவகை

அரேஞ்சர் மென்பொருள் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வகைகள் கலந்து பேசப்படுகின்றன. 1990-இல் பிஜி மியூசிக் நிறுவனம் வெளியிட்ட பேண்ட்-இன்-எ-பாக்ஸ் முதல் வகை. அதில் கார்டுகளை அளவு அளவாகத் தட்டச்சு செய்து, ஸ்டைலைத் தேர்ந்தெடுத்தால் முழுப் பின்னணியையும் அது அமைத்துத் தரும். ‘ரியல்டிராக்ஸ்’ என்ற பெயரில் கலைஞர்கள் வாசித்துப் பதிந்த தடங்களையே கார்டுக்கு ஏற்பக் கோத்துக் கொடுக்கும். பயிற்சிக்கும் பாடல் அமைப்பதற்கும் அது சிறந்த துணை. பாடகர் போகிற போக்கில் கூடவே போக வேண்டிய மேடைக்காரர் இந்த வகையை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும்.

இரண்டாவது வகையில் விஅரேஞ்சர், கிக்லாட், ஒன் மேன் பேண்ட் போன்றவை அடங்கும். இவை இடது கையின் கார்டை அந்த நொடியிலேயே படித்து ஸ்டைலை ஓட்டுபவை. யமஹா ஸ்டைல் கோப்புகளை ஏற்பவை. விஅரேஞ்சர் வேறு சில நிறுவனங்களின் ஸ்டைல்களையும் படிக்கும், ஆனால் விண்டோஸில் மட்டுமே ஓடும். நீங்கள் வைத்திருப்பது ஆப்பிள் கணினியானால் முதலில் இந்தப் பொருத்தத்தைச் சரிபாருங்கள். கைபேசி, டேப்லெட் செயலிகளும் இருக்கின்றன. வீட்டில் பழகுவதற்கு அவை போதும்.

மென்பொருளின் விலையை மட்டும் பார்த்து மலிவு என்று முடிவு செய்யாதீர்கள். போதிய நினைவகமும் எஸ்எஸ்டி சேமிப்பும் உள்ள மடிக்கணினி, ஆடியோ இன்டர்ஃபேஸ், குறைந்தது 61 கட்டைகள் உள்ள மிடி கீபோர்டு, சஸ்டெயின் பெடல், பகுதிகளை மாற்றப் பேட் (விரலால் தட்டும் பொத்தான்) அல்லது கால் சுவிட்சு, இவற்றுக்கு மேல் டோன் நூலகங்கள் என எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். நல்ல மடிக்கணினி ஏற்கெனவே இருந்தால் மென்பொருள் வழி உண்மையிலேயே சிக்கனமானது. எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டுமென்றால், அந்தத் தொகைக்கு ஒரு நடுத்தர அரேஞ்சர் கீபோர்டு கிடைக்கிறதா என்று ஒரு முறை விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

மென்பொருள் வழியில் போவதானால் செய்ய வேண்டியவை

கட்டையை அழுத்துவதற்கும் ஒலி வருவதற்கும் இடையிலுள்ள தாமதமே முதலில் தீர்க்க வேண்டிய சிக்கல். இதை அளவிடும் கணக்கு எளியது. நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வேகத்தில், பஃபர் அளவு (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் மாதிரிகளின் எண்ணிக்கை) 128 என்றால் தாமதம் 2.9 மில்லி நொடி. 256 என்றால் 5.8, 512 என்றால் 11.6. இதற்கு மேல் இன்டர்ஃபேஸும் கீபோர்டும் எடுத்துக்கொள்ளும் நேரம் சேரும். காற்றில் ஒலி ஒரு மில்லி நொடியில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் போகும். ஆகவே பஃபரை 512-இல் வைத்து வாசிப்பது ஸ்பீக்கரிலிருந்து மேலும் நான்கு மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதற்குச் சமம். மெதுவான பாட்டில் அது பெரிதாகத் தெரியாது, வேகமான ஆறு-எட்டில் விரல் தடுமாறும். 128-இல் தொடங்கி, ஒலியில் வெடிப்புக் கேட்டால் மட்டும் 256-க்கு ஏறுங்கள். அதிலும் தடங்கல் வந்தால் கணினியில்தான் குறை இருக்கிறது.

விண்டோஸில் இன்டர்ஃபேஸ் நிறுவனமே தரும், தாமதத்தைக் குறைக்கும் ஏஎஸ்ஐஓ டிரைவரை நிறுவுங்கள். கணினியின் சொந்த ஒலி அட்டையையும் பொது டிரைவரையும் வைத்துக்கொண்டு மேடை ஏற வேண்டாம். ஆப்பிள் கணினிகளில் அந்தத் தனி டிரைவர் தேவைப்படுவதில்லை. பிறகு மின்சார அமைப்பை முழு வேகத்தில் வையுங்கள், யுஎஸ்பி முனைகள் தானாக உறங்கும் அமைப்பை அணையுங்கள், வைஃபையையும் புளூடூத்தையும் நிறுத்துங்கள், இயங்குதளத்தின் புதுப்பிப்பைக் கச்சேரி முடியும்வரை தள்ளிவையுங்கள், அறிவிப்புகளை அடக்குங்கள். லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியை ஓடவிட்டால் எந்த டிரைவர் ஒலியை இடையில் தடுக்கிறது என்று பெயர் சொல்லிக் காட்டும்; பல கணினிகளில் அது வைஃபை டிரைவராகவே இருக்கும்.

பகுதிகளை மாற்றுவதற்கு மடிக்கணினியின் விசைப்பலகையையோ தொடுதிரையையோ நம்பாதீர்கள். வியர்த்த விரலுக்குத் தொடுதிரை பணியாது. மிடி கீபோர்டிலுள்ள எட்டுப் பேட்களை மெயின் நான்கு, ஃபில், பிரேக், இன்ட்ரோ, எண்டிங் என்று பிரித்துக்கொண்டு, அந்த வரிசையை எல்லாப் பாட்டுக்கும் மாற்றாமல் வைத்திருங்கள். சுருதியை ஏற்றவும் இறக்கவும் இரண்டு பொத்தான்கள் கட்டாயம் வேண்டும். தொடங்குவதையும் நிறுத்துவதையும் கால் சுவிட்சுக்குக் கொடுத்துவிடுவது நல்லது. கார்டைப் படிக்கும் பகுதி எந்தக் கட்டையோடு முடிகிறது என்பதையும் நீங்கள் பழகிய கருவியில் இருந்தபடியே அமைத்துக்கொள்ளுங்கள். கைப்பழக்கம் மாறினால் தவறான கார்டு விழும்.

டோன்களைப் பொறுத்தவரை, முதலில் ஒரு நல்ல பொதுத்தர சவுண்ட்ஃபாண்டை (எல்லா வாத்திய ஒலிகளும் அடங்கிய ஒரே கோப்பை) வைத்து எல்லா ஸ்டைல்களும் ஓடும்படி செய்துவிடுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் மிகுதியாகப் பயன்படுத்தும் ஸ்டைல்களில் மட்டும் டிரம்ஸையும் பேஸையும் நல்ல விஎஸ்டி (மென்பொருள் வாத்தியம்) டோன்களுக்கு மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றப் புகுந்தவர்கள் வாசிப்பதை விட்டுவிட்டு அமைத்துக்கொண்டே இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்தியத் தாள வாத்தியங்களுக்கென்று தனி நூலகங்கள் கிடைக்கின்றன. அவற்றின் கட்டை வரிசை பொதுத்தர டிரம்ஸ் வரிசையிலிருந்து மாறுபடும் என்பதால் தபேலா, டோலக் ஒலிகளை மென்பொருளுக்குள் ஒவ்வொன்றாகப் பொருத்தித் தர வேண்டியிருக்கும்.

தனிக் கருவி வழியில் கவனிக்க வேண்டியவை

புதிய கருவி வாங்குபவர் அதில் பின்னாளில் என்ன சேர்க்க முடியும் என்று கேட்க வேண்டும். யமஹா பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ்900-இல் கூடுதல் டோன்களுக்காக 1 ஜிபி நினைவகமும், எஸ்எக்ஸ்700-இல் 400 எம்பி-யும் உண்டு. இந்திய டோன்கள் அடங்கிய தொகுப்புகளைக் கணினியில் சேர்த்து அடுக்கி அதில் ஏற்றலாம். இதில் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: புதிய தொகுப்பை நிறுவும்போது பழையது முழுவதும் நீங்கிவிடும். எனவே வேண்டியவை எல்லாவற்றையும் கணினியில் ஒரே தொகுப்பாக முதலில் சேர்த்த பிறகே ஏற்ற வேண்டும். கோர்க் பிஏ வரிசையிலும் சொந்த ஒலிகளை ஏற்ற இடம் உண்டு. பிஎஸ்ஆர்-ஐ500 போன்ற சிறிய கருவிகளில் வெளியிலிருந்து சில ஸ்டைல்களைச் சேர்க்கலாம். டோன் தொகுப்புகளைச் சேர்க்க முடியாது. ஸ்டைல் கோப்புகளிலும் பழைய வடிவம், புதிய வடிவம் என இரண்டு உண்டு. பெரிய கருவிக்காகப் புதிய வடிவில் செய்ததைச் சிறிய கருவி ஏற்கும் என்று எண்ணிவிடக்கூடாது.

கமகம் வாசிக்க விரும்புபவர்கள் பிட்ச் பெண்ட் சக்கரமோ ஜாய்ஸ்டிக்கோ இருக்கிறதா, அதன் எல்லையை மாற்ற முடியுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மலிவான வகைகள் சிலவற்றில் அது இல்லவே இல்லை. வீணை, நாதஸ்வர டோன்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சுரத்தை வளைக்க முடியாத கருவியில் அவை உயிரில்லாமல் ஒலிக்கும்.

பழைய கருவி வாங்குவது நல்ல வழி. அரேஞ்சர்கள் பல ஆண்டுகள் உழைக்கக்கூடியவை. எல்லாக் கட்டைகளையும் மெதுவாகவும் அழுத்தமாகவும் ஒவ்வொன்றாக வாசித்துப் பாருங்கள்; ஏதாவது ஒரு கட்டை மட்டும் எப்போதும் உரக்க ஒலித்தால் உள்ளே தொடர்பு ரப்பர் தேய்ந்திருக்கிறது என்று பொருள். டேட்டா டயல் தாவுகிறதா, யுஎஸ்பி முனை ஆடுகிறதா, திரையில் கோடுகள் விழுகின்றனவா என்று பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடவிட்டு, சூடான பிறகும் சரியாக வேலை செய்கிறதா என்று உறுதி செய்த பின்னரே பணத்தைக் கொடுங்கள்.

இரண்டையும் இணைக்கும் வழி

சிறிய அல்லது பழைய அரேஞ்சர் ஒன்றை ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான். ஸ்டைலையும் பொத்தான்களையும் கருவியிடமே விட்டுவிட்டு, வலது கை மெலடியை மட்டும் யுஎஸ்பி மிடி வழியாக மடிக்கணினிக்கு அனுப்பி, அங்கே ஒரு நல்ல புல்லாங்குழலையோ வயலினையோ பியானோவையோ ஒலிக்கச் செய்யலாம். யமஹாவின் நடுத்தரக் கருவிகளில் வலது கையின் முதல் டோன் வழக்கமாக மிடி சேனல் 1-இலும், ஸ்டைல் தடங்கள் 9 முதல் 16 வரையிலும் வெளியேறும். மடிக்கணினியில் சேனல் 1-ஐ மட்டும் கேட்கும்படி அமைத்து, கருவியில் வலது கை டோனின் ஒலியளவைச் சுழியாக்கிவிட்டால் இரட்டை ஒலி வராது. கச்சேரி நடுவே கணினி நின்றுபோனால் அந்த ஒலியளவைத் திரும்ப ஏற்றினால் போதும். தாளம் நிற்காது, பாட்டும் நிற்காது. மென்பொருளைப் பழகிப் பார்ப்பதற்கும் இதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரியவில்லை.

யாருக்கு எது

வாரந்தோறும் ஆராதனையில் வாசிப்பவர்களுக்கும் மேடைக் கலைஞர்களுக்கும் தனிக் கருவியையே பரிந்துரைக்கிறேன். தேவாலயத்தில் ஒரே கருவியைப் பலர் மாறி மாறி வாசிப்பதால், யார் வந்து மின்சாரத்தைப் போட்டாலும் ஒரே விதமாக எழுந்து நிற்கும் ஒன்று அங்கே வேண்டும். டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் எலக்ட்ரானிக் கீபோர்டு தேர்வுகளுக்குப் படிக்கும் மாணவர்களுக்கும் தனிக் கருவிதான். ஸ்டைலையும் டோனையும் வாசிப்பின் நடுவே மாற்றுவது அந்தத் தேர்வின் பகுதியாகவே இருக்கிறது. எந்த நிலைக்கு எவ்வளவு வசதியுள்ள கருவி தேவை என்பதைப் பாடத்திட்டத்தில் பார்த்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள். முதல் நிலைக்காக வாங்கிய சிறிய கருவி மேல்நிலைகளுக்குப் போதாமல் போகலாம். வீட்டில் பாடல் அமைப்பவர்கள், தங்கள் பாடல்களுக்கெனச் சொந்த ஸ்டைல் செய்ய விரும்புபவர்கள், கணினியில் பதிவு செய்யப் பழகியவர்கள் மென்பொருளைத் தயங்காமல் எடுக்கலாம். இசையமைக்கும் ஆசையும் மேடையும் இரண்டும் உள்ளவர்கள் ஒரு நடுத்தரக் கருவியில் தொடங்கி, மேலே சொன்ன இணைப்பு வழியில் மென்பொருளுக்குப் போவது நல்லது.

முடிவெடுக்கும் முன் மென்பொருளின் சோதனைப் பதிப்பு கிடைத்தால் அதை இறக்கி, உங்கள் வழக்கமான கச்சேரி அல்லது ஆராதனையின் பாடல் பட்டியலை முதலிலிருந்து கடைசி வரை, இடையில் எதையும் திருத்தாமல், நேர இடைவெளி உட்பட அப்படியே வாசித்துப் பாருங்கள். வீட்டிலுள்ள யாரையாவது பாடச் சொல்லி, சுருதியை மாற்றச் சொல்லி, வரிசையைக் குலைக்கச் சொல்லுங்கள். அதில் எங்கெல்லாம் கை நின்றது என்று எழுதி வைத்துக்கொண்டு கடைக்குப் போய், அதே இடங்களைத் தனிக் கருவியில் வாசித்துப் பாருங்கள். எதை வாங்கினாலும், முதல் வாரத்திலேயே உங்கள் ஸ்டைல்கள், ரெஜிஸ்ட்ரேஷன்கள், டோன் தொகுப்புகள், மென்பொருள் உரிமக் குறியீடு ஆகிய அனைத்தையும் இரண்டு தனித்தனி பென்டிரைவ்களில் படியெடுத்து, ஒன்றைக் கீபோர்டு உறையிலும் மற்றொன்றை வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள்.